கொசுவுக்காக டெல்லி போனவர்

சுதந்திரம் வந்த அன்று காலை பெங்களூரில் அல்சூரே தெருவில் இருந்தது. ஏரிக்கரையில் பாண்டு வாத்தியம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மிட்டாய், முச்சந்திக்கு முச்சந்தி கொடியேற்றம் என்று ஊர் அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கஸ்தூரிரங்கன் மட்டும் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு ஒரு வலைக்கூண்டுக்குள் கையை நீட்டி உட்கார்ந்திருந்தார். கூண்டுக்குள் கொசு. தேசம் அடிமையாக இருந்தாலும் விடுதலை பெற்றாலும் கொசுவுக்கு வேளாவேளைக்கு ரத்தம் வேண்டும். வேலையாட்கள் எல்லோரும் கொடி பார்க்கப் போய்விட்டதால் அன்றைக்கு அத்தனைக்கும் படியளக்கும் பொறுப்பு அவர் ஒருவர் கைக்கு வந்து சேர்ந்தது.

அவர் மலேரியா ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. நிலையம் என்றதும் பெரிய கட்டடமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்து ஓட்டு பங்களா ஒன்று, பின்னால் நாலைந்து கொட்டகை, சுற்றிலும் மரமல்லி மரங்கள். அல்சூர் ஏரியிலிருந்து நடந்து போகிற தூரம். மலேரியாவைப் பரப்பும் கொசு எப்படி வாழ்கிறது, எதில் சாகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை. அந்தக் கொசு மேற்கே மலையடிவாரத்து ஓடைகளில் பிறந்து வளர்கிற ஜாதி. கூண்டில் அடைத்தால் முட்டையிட்டுப் பெருகாது, முரண்டு பிடிக்கும். அதனால் வாரா வாரம் நிலையத்து ஜீப் மலையடிவாரத்துக்குப் போய்க் கொசு பிடித்துக்கொண்டு வரும். வழியில் வெயில் தாங்காமல் செத்துவிடாதபடி கூண்டுகளின் மேல் ஈரத் துண்டு போர்த்தி, பிள்ளைத்தாய்ச்சியை அழைத்து வருகிற மாதிரி மேடு பள்ளம் பார்த்து ஓட்டுவார்கள். வந்து இறங்கியதும் பசி. பசிக்கு இருக்கவே இருக்கிறது விஞ்ஞானியின் கை. நோய் சுமந்த கொசுவும் நடுவில் வரும் என்பதால் கஸ்தூரிரங்கன் இரண்டு முறை குளிர்காய்ச்சலில் விழுந்து, குனைன் விழுங்கி எழுந்தவர்.

அவர் மனைவி பாமாவுக்கு இதில் ஒரு நிரந்தரக் கேலி உண்டு. ரத்தம் குடிப்பது பெண் கொசு மட்டும்தான் என்று கல்யாணமான புதிதில் அவரே வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் ஆபீசுக்குக் கிளம்பும்போதெல்லாம், "ஏன்னா, அவாள்ளாம் காத்துண்டிருப்பா, சீக்கிரம் போங்கோ" என்பாள். அவரும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒரு சந்தேகமும் இல்லாமல் சந்தோஷமாக வேலைக்குப் போகிற மனுஷரை அந்தக் காலத்திலும் பார்ப்பது அபூர்வம்தான்.

அவருக்கு வலது கை நோரா. ஜீவனஹள்ளிப் பெண், அந்த வருஷம்தான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். முதல் நாள் கொசுக் கூண்டைப் பார்த்து முகம் சுளித்தவள், மாதம் ஒன்று ஆவதற்குள் ஜீப்பில் ஏறி மலையடிவாரம் வரை போய்க் கொசு பிடித்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு, அப்படியே நிலையத்துக்கு வந்து கூண்டுகளை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். அம்மாவும் அவளும் மட்டுமே இருந்த வீடு அது. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

இப்படியே போயிருந்தால் கஸ்தூரிரங்கன் கொசுக்கடியோடு பென்ஷன் வாங்கியிருப்பார். 1956-ல் டெல்லியிலிருந்து ஓர் உத்தரவு வரப்போவதாகக் காற்றுவாக்கில் சேதி வந்தது. நிலையத்தைப் பெங்களூரில் மூடிவிட்டு டெல்லிக்குக் கொண்டுபோய் அங்கேயுள்ள பெரிய ஸ்தாபனத்தோடு சேர்த்துவிடப் போகிறார்களாம். நோரா தினமும் தபால்காரரை எதிர்பார்த்து வாசலுக்கு வந்து நின்றாள். கஸ்தூரிரங்கன் மனு எழுதினார். மனுவுக்குப் பதில் வரவில்லை என்று இன்னொரு மனு எழுதினார். எழுதி எழுதிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

அப்போது வந்தார் பெருமாள்சாமி. நீலசந்திராவில் தச்சுப்பட்டறை வைத்திருந்தவர், நிலையத்துக்குக் கூண்டுச் சட்டம் செய்து கொடுப்பவர். கூடவே கட்சிக்காரர். கட்சியில் அப்போது இரண்டு கோஷ்டி. ஒரு கோஷ்டி சொல்லும் ஆள் மறு கோஷ்டிக்கு ஆகாது. ஆகவே இரண்டு கோஷ்டியிலும் சேராத, ஆனால் படித்த, ஊரில் கெட்ட பெயர் இல்லாத ஆள் ஒருவர் லோக்சபைத் தேர்தலுக்குத் தேவைப்பட்டார். பெருமாள்சாமியின் கண் கஸ்தூரிரங்கன் மேல் விழுந்தது.

"ஸார், இந்த டெல்லிக்காரனுங்க காயிதத்துக்கெல்லாம் மசிய மாட்டானுங்க. பார்லிமெண்டுல எழுந்து நின்னு ஒருத்தர் கேக்கணும். அப்பத்தான் ஃபைலு அசையும்" என்றார்.

"நமக்காகக் கேக்க யார் இருக்கா?"

"நீங்கதான்."

"நான் கவர்மெண்ட் உத்தியோகஸ்தன்யா."

"உத்தியோகத்த உட்டுடுங்க ஸார். சிம்பிளு."

சிம்பிள் என்று பெருமாள்சாமி சொல்லிவிட்டார். கஸ்தூரிரங்கனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. நிலையத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் நிலையத்தை விட்டு வெளியே போக வேண்டும் என்றால் யாருக்குத்தான் இறங்கும்? பாமாதான் முடிவெடுக்க வைத்தாள். "இத்தனை வருஷம் கொசுவுக்குக் கையை நீட்டினேள். இனிமே மனுஷாளைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிடணும், அவ்வளவுதானே. கும்பிட்டா கை வீங்காது" என்றாள். மறுநாள் ராஜினாமா எழுதினார்.

பிரசாரத்தைப் பற்றி அல்சூரில் வெகு காலம் பேசிச் சிரித்தார்கள். ஓட்டுக் கேட்கப் போகிறவர் வாசலில் நின்று கும்பிட வேண்டும், குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும், அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். கஸ்தூரிரங்கனுக்குப் பழக்க தோஷம். எந்த வீட்டுக்குப் போனாலும் விடுவிடுவென்று கொல்லைப்புறத்துக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் டார்ச் அடித்துப் பார்ப்பார். ஒரு வீட்டில் மூடாத பீப்பாய் நிறையக் கொசுப்புழு நெளிந்தது. மனுஷர் யோசிக்கவே இல்லை, பீப்பாயைச் சாய்த்துவிட்டார். விடிந்ததிலிருந்து குழாயடியில் நின்று அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஓட்டு கேக்க வந்தியா, தண்ணிய கொட்ட வந்தியா?" என்று பிடித்துக்கொண்டாள். பெருமாள்சாமி வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெருக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து அந்தப் பீப்பாயை நிரப்பிக் கொடுத்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. சாயங்காலத்துக்குள் அந்தத் தொகுதியில் கஸ்தூரிரங்கனைத் தெரியாதவர்கள் இல்லை.

எதிர்த்து நின்றவர் சுதந்திரப் போராட்டத்தில் மூன்று தடவை சிறைக்குப் போனவர். அதற்கு ஈடாகச் சொல்ல நம்மவரிடம் என்ன இருக்கிறது என்று பெருமாள்சாமி மண்டையைக் குடைந்துகொண்டு, நீலசந்திராக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "நம்ம வேட்பாளர் நாட்டுக்காக ரத்தம் சிந்தியவர்" என்று முழங்கினார். கைத்தட்டல் எழுந்தது. கஸ்தூரிரங்கன் சங்கடத்தோடு எழுந்து மைக்கை வாங்கி, "சிந்தினேன்னு சொல்ல முடியாது. கொசு குடிச்சுது. அதுவும் என் சம்மதத்தோட" என்றார். பெருமாள்சாமி தலையில் கை வைத்துக்கொண்டார். கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. சிரித்தவர்கள் ஓட்டும் போட்டார்கள்.

மேடையில் அவர் எதையும் நிச்சயமாகச் சொல்ல மாட்டார். தண்ணீர் வருமா என்றால் வரக்கூடும் என்பார். ரோடு போடுவீர்களா என்றால் மண்ணைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பார். ஒரே ஒரு வாக்குறுதியை மட்டும் வரக்கூடும், பார்க்க வேண்டும் எதுவும் சேர்க்காமல் அடித்துச் சொன்னார்: "நிலையம் பெங்களூரை விட்டு நகராது." ஜீவனஹள்ளியில் நோரா வீடு வீடாக ஏறி இறங்கி இதையே சொன்னாள். எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துத்தான் பேசுவேன் என்று பிடிவாதம் பிடித்த மனுஷர் இந்த ஒன்றைச் சோதித்துப் பார்க்கவில்லை என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

1957-ல் ஜெயித்து டெல்லி போனார். அங்கே குளிர் பாமாவை ஓர் ஆட்டு ஆட்டியது. காபிப்பொடியைப் பெங்களூரிலிருந்து வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லி வரவழைத்தாள். கஸ்தூரிரங்கன் சபையில் பின்வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் பேசும்போது குறிப்பெடுத்தார். பேச எழுந்தால் பாதி நேரம் தன் கட்சி மந்திரி சொன்ன புள்ளிவிவரத்தையே திருத்தினார். கட்சிக் கொறடா அவரை வராந்தாவில் நிறுத்தி, உண்மை பேசுவதற்கும் ஒரு நேரம் காலம் உண்டு என்று அன்பாகச் சொல்லிப் பார்த்தார். ஆனாலும் கஸ்தூரிரங்கன் ஊர் ஊராகக் கொசு மருந்தடிக்கப் போகிற கூலிக்காரர்களுக்கு முகமூடி வாங்கிக் கொடுக்க வைத்தார். நிலையத்தை மூடும் ஃபைலை மூன்று தடவை மறித்து நிறுத்தினார். ஒவ்வொரு தடவையும் பெருமாள்சாமி நீலசந்திராவில் வெடி வெடித்துக் கொண்டாடினார்.

நாலாவது தடவை, 1961-ல், விவகாரம் ஒரு கமிட்டிக்குப் போனது. கமிட்டி சொல்வதே முடிவு என்று சொல்லிவிட்டார்கள். கஸ்தூரிரங்கன் புது ஷெர்வானி தைத்துப் போட்டுக்கொண்டு போனார். அரைமணி நேரம் பேசினார். டெல்லிக்கு மாற்றினால் வேலை எப்படியெல்லாம் கெடும் என்று அடுக்கினார். முக்கியமாக, டெல்லியில் அந்த ஜாதிக் கொசுவே கிடையாதே, எங்கிருந்து கொண்டுவருவீர்கள் என்று மடக்கினார். டெல்லிப் பக்கம் வாயடைத்துப்போனது. ஜெயித்தாயிற்று என்றுதான் அவரும் நினைத்தார்.

அப்போது ராஜஸ்தானிலிருந்து வந்த ஒரு வயதான உறுப்பினர், பெரிய தலைப்பாகைக்காரர், அதுவரை தூங்குவது போலிருந்தவர், கண்ணைத் திறந்தார். "உங்கள் ஊரில் அந்தக் கொசு நிறைய இருக்கிறதோ?" என்று கேட்டார்.

"இல்லை. மலையடிவாரத்திலிருந்து ஜீப்பில் கொண்டுவருகிறோம்."

"தினமுமா?"

"வாரா வாரம். வழியில் செத்துப்போகாமல் ஈரத் துண்டு போர்த்தி."

"அங்கே காய்ச்சல் உண்டா?"

"அங்கேதான் காய்ச்சல்."

பெரியவர் தாடியைத் தடவினார். "கொசு அங்கே இருக்கிறது. காய்ச்சல் அங்கே இருக்கிறது. அப்புறம் ஏன் நிலையத்தை அங்கேயே வைக்கவில்லை?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கஸ்தூரிரங்கன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பதில்கள் வரிசையாக நாக்கு நுனியில் நின்றன. பெங்களூர் சீதோஷ்ணம், புத்தகசாலை, மின்சாரம், ஊழியர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றாவது கொசுவைப் பற்றியதாக இல்லை, காய்ச்சலைப் பற்றியதாகவும் இல்லை. இத்தனை வருஷம் அந்த ஜீப்பைத் தானே அனுப்பி, அந்த ஈரத் துண்டைத் தானே பிழிந்து போர்த்தியிருந்தும், இந்தக் கேள்வி தனக்கு ஒரு நாள் கூடத் தோன்றவில்லையே என்று நினைத்தபோது அவருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. வெட்கம்தான். ஆனால் ஒரு பரிசோதனையில் எதிர்பாராத விடை வரும்போது வருமே ஒரு சிலிர்ப்பு, அதுவும் கூடவே வந்தது.

"பதில் இல்லை. அங்கேதான் இருக்க வேண்டும்" என்றார்.

டெல்லியும் இல்லாமல் பெங்களூரும் இல்லாமல், நிலையம் மலையடிவாரத்துக்குப் போவதென்று கமிட்டி முடிவு செய்தது. வீட்டுக்கு வந்து ஷெர்வானியைக் கழற்றிப் போட்டுவிட்டு பாமாவிடம் சொன்னார். "வேலையை விட்டு, ஊரை விட்டு, இந்தக் குளிர்ல வந்து, கடைசியில நீங்களே வாயால குடுத்துட்டு வந்துட்டேளா?" என்றாள். பிறகு இரண்டாம் தடவையாகக் காபி போட்டுக் கொடுத்தாள். அவளிடம் இரண்டாம் காபி என்பது பரிசுக்குச் சமானம்.

எல்லாரையும் விட அவர் பயந்தது நோராவுக்குத்தான். ரயிலிலிருந்து இறங்கி நேரே ஜீவனஹள்ளிக்குப் போனார். சேதி அதற்குள் வந்துவிட்டிருந்தது. நோரா அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தான் நின்றுகொண்டே பேசினாள்.

"இந்தத் தெருவுல வீடு வீடா போயி உங்களுக்கு ஓட்டு கேட்டவ நான், ஸார். நகராது நகராதுன்னு சொல்லித்தானே கேட்டேன். இப்போ எங்கம்மாவ கூட்டிக்கிட்டு நான் காட்டுக்குப் போணுமா?"

"போயே ஆகணும்னு நான் சொல்லலை, நோரா. அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு உன்கிட்ட ஒரு பதில் இருந்தாச் சொல்லு. இப்பவே திரும்பி ரயில் ஏறிப் போய்ச் சொல்லிட்டு வரேன்."

நோரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உள்ளே அவள் அம்மா பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது.

"பதில் இல்ல, ஸார்" என்றாள் கடைசியில். "அங்க ஜீப் நிறுத்தினா பிள்ளைங்க ஓடி வந்து சுத்தி நிக்கும். காய்ச்சல்ல மண்ணீரல் வீங்கி ஒவ்வொண்ணுக்கும் வயிறு இவ்வளவு பெருசா இருக்கும். நாங்க கொசுவ மட்டும் எடுத்துக்கிட்டு வந்துடுவோம்."

கஸ்தூரிரங்கனுக்குக் கண் கலங்கியது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

நோரா போனாள். முதல் ஆளாகப் போனாள். அவள் அம்மா ஒரு மாதம் அழுதார், பிறகு அங்கே கோழி வளர்க்க ஆரம்பித்து, ஜீவனஹள்ளியில் முட்டை விற்கிற அநியாய விலையைப் பற்றி வருகிறவர்களிடமெல்லாம் குறை சொன்னார். நிலையம் அங்கே போன பிறகு, காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தால் அன்றைக்கே ரத்தம் பார்த்து அன்றைக்கே மாத்திரை கொடுத்தார்கள்.

1962 தேர்தலில் கஸ்தூரிரங்கன் தோற்றுப்போனார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஜெயித்தாரா தோற்றாரா என்று யாரும் நகத்தைக் கடிக்க வேண்டாம். நல்ல தோல்வி, சந்தேகத்துக்கே இடமில்லாத தோல்வி. எதிராளி ஊர்வலம் வாசல் வழியே போனபோது பாமா அதில் வந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு மோர் கொடுத்தாள். சொல்ல வந்தது அந்தத் தேர்தலுக்கு முன்னால் அல்சூரில் நடந்த கடைசிக் கூட்டத்தைப் பற்றி.

பெருமாள்சாமி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "ஸார், உங்க கால்ல உழறேன். நிலையத்தப் பத்தி மட்டும் வாயே தொறக்காதீங்க. முகமூடியப் பத்திப் பேசுங்க. சீனாக்காரனப் பத்திப் பேசுங்க. ஜனங்க மறந்துட்டாங்க, நீங்களே ஞாபகப்படுத்தி பேஜாரு பண்ணாதீங்க." கஸ்தூரிரங்கன் ஆகட்டும் என்று தலையாட்டினார். மேடை ஏறினார். மைக்கைப் பிடித்தார். "போன தடவை நிலையம் நகராதுன்னு உங்களுக்கு வாக்குக் கொடுத்தேன். அது நகர்ந்துடுத்து. நகர்த்தினது நான்தான்" என்று ஆரம்பித்தார். பெருமாள்சாமி மேடையை விட்டே இறங்கிப் போய் ஒரு பீடி பற்ற வைத்தார்.

நடந்தது முழுவதையும் ஒளிக்காமல் சொன்னார். டெல்லிக் கமிட்டி, தலைப்பாகைக்காரர், அவர் கேட்ட கேள்வி, தனக்குப் பதில் தெரியாமல் போனது. ஜனங்களுக்குக் கோபமா, குழப்பமா என்று அவருக்குத் தெரியவில்லை. முன்வரிசையில் லட்சுமம்மா எழுந்து நின்றாள். அல்சூர் மார்க்கெட்டில் கீரைக்கட்டு விற்கிறவள், வியாபாரம் முடிந்து காலிக் கூடையோடு கூட்டத்துக்கு வந்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், ஸ்வாமி. ஜொரம் அங்க, டாக்டருங்க இங்க. இத்தன வருஷமா இத ஊர்ல ஒருத்தருமே கேக்கலியா?"

"கேக்கலம்மா" என்றார் கஸ்தூரிரங்கன். "அங்கேயே வேலை பாத்த நானே கேக்கலை. டெல்லியில அந்தப் பெரியவர் கேட்டார்."

லட்சுமம்மா காலிக் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அப்ப நீங்க டெல்லிக்குப் போனது வீணில்ல. நாங்க ஓட்டுப் போட்டு அனுப்புனதும் வீணில்ல. அந்தக் கேள்வியப் போயி வாங்கிக்கினு வரத்தான் அனுப்பியிருக்கோம்" என்று சொல்லிவிட்டு, கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் சிரித்தது பாமா. பிறகு கூட்டம் முழுவதும் சிரித்தது. ஐந்து வருஷம் எதற்காக டெல்லியில் இருந்தோம் என்று தினமும் தன்னையே குடைந்துகொண்டிருந்த கஸ்தூரிரங்கன், மேற்கொண்டு பேச வைத்திருந்த குறிப்பை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, மேடை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து சிரித்தார். ஓட்டுக் கேட்க மறந்துவிட்டார்.